என் முத்திரைக்கு நான் பொறுப்பு: பிரித்தானியப் பாதுகாப்பு, வணிக அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சருக்கும், ஆயுத ஏற்றுமதி அனுமதிகளுக்குப் பொறுப்பான வணிக அமைச்சருக்கும்,

எதை, எப்போது, எத்தனை வாங்கப் போகிறீர்கள் என்று சொல்லும் பாதுகாப்பு முதலீட்டுத் திட்டம் 2025 இலையுதிர் காலத்தில் வெளிவரும் என்றீர்கள். ஜூன் மாதம் வெளியிட்ட பாதுகாப்பு மீளாய்விலேயே அந்த வாக்கு இருந்தது. இலையுதிர் காலம் போய் ஆண்டும் முடிந்தது, திட்டம் வரவில்லை. இடையில் ஒக்டோபர் 27ஆம் திகதி அங்காராவில், துருக்கிக்கு 20 டைபூன் போர் விமானங்களை 8 பில்லியன் பவுணுக்கு விற்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 20,000 வேலைகள் காப்பாற்றப்பட்டன என்று அரசு அறிவித்தது. அந்த 20,000 பேரில் நானும் ஒருத்தியாக இருக்கக்கூடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதன் ஆங்கில வடிவம் உங்கள் இருவருடைய அலுவலகங்களுக்கும் தபாலில் வரும். தமிழிலும் எழுதுவது, இதே மாதிரிப் பட்டறைகளில் வேலை செய்யும் எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும் என்பதற்காக.

என் வேலை அளவு பார்ப்பது. லங்காஷியரில், விமானங்களுக்கான உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை அது. பெயர் வேண்டாம். பெரிய கொம்பனி ஒருவருக்கு வேலை கொடுக்கும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவரிடமிருந்து எங்களுக்கு வரும். இயந்திரத்திலிருந்து இறக்கிய பாகத்தை உடனே அளக்க மாட்டோம். கழுவி, அளவறையில் சில மணி நேரம் கிடக்க விடுவோம், ஏனென்றால் உலோகம் ஆறும்போது அளவு மாறும். பிறகு ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு வளைவையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். தலைமயிரின் தடிப்பில் கால் பங்கு கூடினாலும் சில பாகங்கள் கழிவுக்குத்தான் போகும். சரியாக இருந்தால் என் இலக்கம் உள்ள முத்திரையைத் தாளில் குத்துவேன். எந்த உலையில் உருக்கிய உலோகம், எந்த இயந்திரம், யார் கடைந்தது, எந்த நாள் என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். 20 வருடம் கழித்து ஒரு விமானம் விழுந்தால்கூட, அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வரலாம். அதற்குச் சம்மதித்துத்தான் குத்துகிறேன்.

நீங்களும், உங்களுக்கு முன்னால் அந்தக் கதிரைகளில் இருந்தவர்களும் போட்ட கையெழுத்துகளுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. எனக்கு அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சேர்ந்தபோது பட்டறையில் 60 பேர் இருந்தோம். இப்போது 23 பேர். இது ஒரே நாளில் நடந்ததில்லை. மேலேயிருந்து வேலை வருவது மெல்ல மெல்லக் குறையும். முதலில் இரவு முறை நிற்கும். பிறகு வெள்ளிக்கிழமை. பிறகு ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய கடைசல்காரர் ஒருவர் இருந்தார், பிளாக்பர்ன்காரர், 15 வயதில் லேத்துக்கு வந்தவர். டைட்டானியம் வெட்டும்போது சத்தத்தை வைத்தே அலகு மழுங்குகிறதென்று சொல்லிவிடுவார். இயந்திரத்தின் திரையில் எல்லாம் சரியென்று காட்டிக்கொண்டிருக்கும், அவர் நிறுத்துவார். எடுத்துப் பார்த்தால் அலகின் ஓரம் பொடிந்திருக்கும். அவரையும் ஒரு நாள் கூப்பிட்டார்கள். மூன்று வருடம் கழித்து வேலை திரும்பி வந்தபோது ஆள் அனுப்பினோம். அவர் அதற்குள் பார்சல் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்றார். "இன்னொரு தடவை என்னை வெளியே அனுப்ப நான் விடமாட்டேன்" என்றார். அவரோடு அந்தக் காதும் போய்விட்டது. அந்த வருடம் எங்கள் கழிவுத் தொட்டி நிறைந்தது போல் நான் ஒருநாளும் கண்டதில்லை. புதிதாக வந்த பெடியன்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

எங்கள் சின்னப் பட்டறையில் நடந்தது, நாட்டின் அளவில், நீர்மூழ்கிகள் கட்டும் பரோ தளத்தில் நடந்தது. அது எல்லோரும் அறிந்த வரலாறு. வான்கார்ட் நீர்மூழ்கிகளின் வேலை முடியும் காலத்தில், அடுத்த நீர்மூழ்கிக்கான ஓடரைக் கொடுக்காமல் வருடக்கணக்காக விட்டார்கள். 13,000 பேருக்கு மேல் வேலை செய்த தளம் 3,000 அளவுக்குச் சுருங்கியது. பிறகு அஸ்டியூட் நீர்மூழ்கியைக் கட்டத் தொடங்கியபோது, கட்டத் தெரிந்தவர்கள் போதவில்லை. அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் தளத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு உதவி கேட்க வேண்டி வந்தது. முதலாவது அஸ்டியூட் 2010இல் கடற்படையில் சேர்ந்தபோது நான்கு வருடத்துக்கு மேல் பிந்தியிருந்தது, செலவு ஒரு பில்லியன் பவுணுக்கு மேல் கூடியிருந்தது. ஓடர் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?

மேற்பரப்புக் கப்பல்களிலும் இதே கதைதான். 45ஆம் வகை நாசகாரிக் கப்பல்கள் 12 என்று தொடங்கி, 8 ஆகி, 6இல் நின்றன. எண்ணிக்கையைக் குறைக்கக் குறைக்க ஒவ்வொன்றின் விலையும் ஏறி, கப்பலுக்கு ஒரு பில்லியன் பவுண் அளவில் வந்தது. அதன் இயந்திரத் தொகுதி வெப்பக் கடலில் தாக்குப்பிடிக்காமல் கப்பலே இருட்டில் நின்றதும், ஆறையும் திறந்து டீசல் மின்பிறப்பாக்கிகளை மாற்ற வேண்டி வந்ததும் உங்களுக்குத் தெரியும். அவற்றில் முதலாவதான டேரிங் 2017இலிருந்து வருடக்கணக்காக வேலைக்குப் போகவில்லை. 26ஆம் வகை ஃபிரிகேட் போர்க்கப்பல் 13 வேண்டும் என்றார்கள், 2015இல் அதை 8 ஆக்கினார்கள். அவை வரும்வரை 23ஆம் வகைக் கப்பல்களை ஓட்டினார்கள். 18 வருடத்துக்கென்று வடிவமைத்த கப்பல்கள் அவை, 30 வருடம் தாண்டியும் துருவைச் சுரண்டிச் சுரண்டி ஓட விட்டார்கள். போர்ட்ஸ்மவுத்தில் 500 வருடம் நடந்த கப்பல் கட்டும் வேலையை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2013இல் அறிவித்தபோது அங்கே மட்டும் 940 வேலைகள் போகும் என்றார்கள்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2016இல் அரசே கேட்டு வாங்கிய அறிக்கையில் சேர் ஜோன் பார்க்கர் எழுதியதும் இதுதான்: குறைவான கப்பல்களைக் கூடிய விலைக்குப் பிந்தி வாங்குவது, அதனால் பழையவற்றை வயதுக்கு மேல் வைத்திருப்பது, அதன் செலவால் புதியது இன்னும் குறைவது. அந்தச் சுழலிலிருந்து வெளியே வர வேண்டும் என்றார். 2022இல் கப்பல்களுக்கு 30 வருட வரிசை ஒன்றைப் போட்டார்கள். நல்ல காரியம். அது ஓடராக மாறுவதைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, விமானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குச் சோறு போடுவது அதுதான்.

ராயல் விமானப்படைக்கு டைபூன் கடைசியாக ஓடர் செய்யப்பட்டது 2009இல். அந்த ஓடரின் கடைசி விமானம் 2019இல் கொடுத்து முடிந்தது. அதன் பிறகு நம் நாட்டுப் படை ஒன்றுகூட வாங்கவில்லை. ஜெர்மனி 2020இல் 38 வாங்கியது, ஸ்பெயின் வாங்கியது, இத்தாலி 2024இல் 24 வாங்கியது. அவற்றின் முன் உடற்பகுதி இங்கே செய்யப்படுவதால் எங்களுக்கும் கொஞ்சம் வேலை வந்தது. நன்றி சொல்ல வேண்டியது பேர்லினுக்கும் மட்ரிட்டுக்கும் ரோமுக்கும். 2025 ஜூனில் நீங்கள் புதிதாக வாங்குவதாக அறிவித்தது 12 எஃப்-35ஏ, அமெரிக்காவில் பொருத்தப்படும் விமானம். அதே கோடையில், வோர்ட்டனில் டைபூன் பொருத்தும் வரிசை நின்றுபோகிறது என்று தொழிற்சங்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எஃப்-35 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் பின் உடற்பகுதியும் இங்கே சாம்லஸ்பரியில்தான் செய்கிறார்கள். எந்த விமானம் வேண்டும் என்பது படைக்குத் தெரியும். டைபூன் இனி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பத்து வருடமாக ஒருவரும் வாய் திறந்து சொல்லாததுதான் என் குறை.

நீங்கள் வாங்காதபோது அந்த வரிசையை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி, வெளியே விற்பது. சவூதி 72, ஓமான் 12, கட்டார் 24, இப்போது துருக்கி 20. சொந்த ஓடர் இல்லாத கடைக்காரர் வருகிற வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்க மாட்டார். கேட்டால் கடையை மூட வேண்டும். இந்த நிலைக்குத்தான் எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள்.

கேள்வி கேட்காததன் சரித்திரம் நீளமானது. சவூதிக்குப் போர் விமானங்கள் விற்க 1985இல் தொடங்கிய அல்-யமாமா விற்பனை பற்றிய ஊழல் விசாரணையை 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். பிறகு, 2015இலிருந்து யெமனில் சவூதிக் கூட்டணியின் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. பழைய தாக்குதல்கள் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை மீறியவையா என்று மதிப்பிடாமலே சவூதிக்கு ஆயுத ஏற்றுமதி அனுமதி கொடுத்தது சட்டத்துக்கு முரண் என்று 2019 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் ஜூலையில், நடந்தவை ஆங்காங்கே நடந்த தனிச் சம்பவங்கள் என்று சொல்லி அனுமதிகளை மீண்டும் திறந்தார்கள். 2024 செப்டெம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 அனுமதிகளில் 30 அளவில் நிறுத்திவைத்தீர்கள், ஆனால் பல நாடுகள் பங்கிடும் உலகப் பொதுக் களஞ்சியம் வழியாகப் போகும் எஃப்-35 உதிரிப்பாகங்களை விலக்கிவிட்டீர்கள். துருக்கி எதிர்க்கட்சியின் முக்கிய தலைவர், இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலு 2025 மார்ச்சில் சிறையில் அடைக்கப்பட்டார். ஏழு மாதத்தில் அங்காராவில் கையெழுத்து. துருக்கி நேட்டோ நாடு, அதற்கு விமானம் விற்கவே கூடாது என்பதல்ல என் வாதம். கையெழுத்துக்கு முன்னால் என்ன கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது, அது எந்தத் தாளில் இருக்கிறது?

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த பிள்ளை. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த சனத்தோடு நானும் நடந்தேன். அடுத்த வருடம் இலங்கை விமானப்படையின் கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தது. அதற்கு முன்னால் வந்த விமானங்களைச் சத்தத்தில் கண்டுபிடித்து ஓட நேரம் இருந்தது. கிபிர் அப்படியில்லை. அது போன பிறகுதான் சத்தம் வரும். முதலில் வண்டு சுற்றும், நாங்கள் வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம். வண்டு சுற்றினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்களைப் பங்கருக்குள் இறக்குவா. தம்பியின் காதை நான் பொத்துவேன், என் காதை ஒருவரும் பொத்துவதில்லை. இன்றைக்கும் வோர்ட்டன் பக்கத்தில் டைபூன் தாழப் பறந்தால் என் கை மேசை ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னோடு வேலை செய்பவர்கள் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துக் கை தட்டுவார்கள். அது அவர்களின் வேலை, பெருமை, நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த விமானத்தின் ஒரு துண்டை அளந்தவள்.

கிபிரைச் செய்தது இஸ்ரேல். ஆனால் அதன் ஏதோ ஒரு துண்டையும் ஒருத்தி அளந்து முத்திரை குத்தியிருப்பாள். அது எங்கள் தலைக்கு மேல் வரும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரித்தானியாவும் அந்த யுத்தக் காலத்தில் இலங்கைக்கு ஆயுத ஏற்றுமதி அனுமதிகள் கொடுத்தது. இலங்கைக்கான அனுமதிகள் எல்லாவற்றையும் மீளப் பார்க்கும்படி நம் பாராளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் குழுக்கள் அரசிடம் சொன்னது 2009 ஆகஸ்டில். யுத்தம் முடிந்தது மே மாதம்.

மூன்று மாதம் பிந்தியது அந்தத் தாள். எங்கள் பட்டறையில் பாகம் போய் மூன்று மாதம் கழித்து அளவு பார்த்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா?

இதற்கு வேறு வழி இல்லை என்று சொல்லாதீர்கள், வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 26ஆம் வகைக் கப்பலைப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தாலும், சொந்தக் கடற்படைக்கென்று 2017இல் ஓடர் கொடுத்து, கிளாஸ்கோவில் கிளைட் கரையிலுள்ள கோவன் தளத்தில் உருக்கு வெட்டத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஆஸ்திரேலியா அந்த வடிவமைப்பை எடுத்தது, பிறகு கனடா எடுத்தது. 2025 ஆகஸ்டில் நோர்வே 10 பில்லியன் பவுண் பெறுமதிக்குக் குறைந்தது ஐந்து கப்பல்களைக் கேட்டது, அவை கிளைட் கரையிலேயே கட்டப்படும். வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம்தான் அயலவரும் வந்து பானைக்குள் எட்டிப் பார்ப்பார். அப்போது யாருக்குப் பரிமாறுவது என்று நீங்கள் தெரிவு செய்யலாம்.

நான் கேட்பவை இவை.

முதலீட்டுத் திட்டத்தை இன்னும் தள்ளிப்போடாமல் வெளியிடுங்கள். அதில் வருட வாரியாக எண்ணிக்கை இருக்க வேண்டும். எந்த வருடம் எத்தனை கப்பல், எத்தனை விமானம், எத்தனை மேம்படுத்தல் என்று இருந்தால்தான் எங்கள் முதலாளி வங்கியில் போய் ஒரு இயந்திரத்துக்குக் கடன் கேட்க முடியும். "உலகத் தரம்", "நவீன வலிமை" என்ற வசனங்களை வைத்து யாரும் கடன் தருவதில்லை.

ராயல் விமானப்படைக்குப் புதிய டைபூன் உண்டா இல்லையா என்று ஒரு திகதி குறித்துச் சொல்லுங்கள். இல்லை என்றால், இத்தாலி, ஜப்பானோடு சேர்ந்து செய்யும் புதிய விமானம் 2035இல் வரும்வரை இந்த வேலை தெரிந்த கைகளை எப்படி வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள். துருக்கியின் 20 விமானங்கள் அந்தப் பத்து வருடத்துக்குப் போதாது.

பெரிய கொம்பனிகளோடு செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், கீழ்ப் படியில் இருக்கும் பட்டறைகளுக்கு 30 நாளுக்குள் காசு போக வேண்டும் என்றும், ஓடர் குறையப் போகிறதென்றால் ஒரு வருடம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் விதி போடுங்கள். வேலை இல்லாத மாதங்களில் பயிலுநர்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியில் வைத்திருக்க ஒரு நிதி ஒதுக்குங்கள். அஸ்டியூட்டில் கூடிப்போன செலவோடு பார்த்தால் அது சிறிய காசு.

காப்பாற்றிய வேலைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது, எந்த ஊரில், எத்தனை வருடத்துக்கு, அதில் எத்தனை புதியவை, எத்தனை ஏற்கெனவே இருந்தவை என்று பிரித்துச் சொல்லுங்கள்.

போர் விமானங்களும் அவற்றின் குண்டுகளும் விற்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும், கையெழுத்துக்கு முன்னால், நீங்கள் செய்த மதிப்பீட்டைப் பாராளுமன்றக் குழு பார்க்க வேண்டும். இரகசியம் என்றால் மூடிய அறையில் பார்க்கட்டும். விற்ற பிறகு அந்த விமானம் எங்கே, எதற்குப் பறக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கும் உரிமையும், சட்டம் மீறினால் உதிரிப்பாகங்களை நிறுத்தும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். துருக்கி ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்பதற்கு இப்போதே பதில் தாருங்கள்.

அனுமதி கொடுத்த அமைச்சரின் பெயர், திகதி, அவர் என்ன பார்த்துத் திருப்திப்பட்டார் என்பதை எல்லாம் ஒரே தாளில் எழுதி, அந்த விமானம் சேவையில் இருக்கும் வரை வைத்திருங்கள். நான் அளந்த பாகத்தின் தாளை எங்கள் பட்டறை அப்படித்தான் வைத்திருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். என் பெயரும் விலாசமும் ஆங்கிலக் கடிதத்தில் இருக்கின்றன.

இப்படிக்கு,
அளவு பார்க்கும் ஒருத்தி
லங்காஷியர்